கோலி தாத்தாவுக்கு ஒரு சாமந்தி மாலை

ஒரு மனிதருக்கு மாலை போடுவதற்கு முன், அது எந்த ஊர்க் கழுத்து என்று விசாரித்துக்கொள்வது நல்லது. இதை நான் இருபத்து நான்காவது வயதில், பாரிஸ் நகரத்து மாடிப்படி ஒன்றில், முகத்துக்கு நேராகக் கதவு சாத்தப்பட்ட பிறகு கற்றுக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். பிரெஞ்சுக் கப்பல்களில் ஏறிக் கால்பந்து எந்தெந்தத் துறைமுகங்களில் போய் இறங்கியது என்று ஆராய்வதற்காக உதவித்தொகை பெற்றுப் போயிருந்தேன். ("பையன் பந்து படிக்கப் போயிருக்கான்" என்று அம்மா புதுச்சேரியில் எங்கள் பேட்டையான உப்பளம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. பாவம் என்று விட்டுவிட்டார்கள்.)

பல்கலைக்கழகத்துக்கு நான் கொடுத்த தலைப்பு நீளமானது. அப்பா கொடுத்த தலைப்பு ஒரே வரி. விமானம் ஏறப் புறப்பட்ட அன்று பெட்டியைத் தூக்கிக் கொடுத்தபடி சொன்னார்.

"பந்து உள்ள போச்சா, வெளிய போச்சான்னு மட்டும் கேட்டுட்டு வாடா. வேற ஒண்ணும் வேணாம்."

வெள்ளைக்காரன் ஊரைவிட்டுப் போவதற்குச் சில வருடங்கள் முன்பு, துறைமுகத்தில் நின்ற பிரெஞ்சுக் கப்பலின் மாலுமிகளோடு எங்கள் ஆட்கள் உப்பளத்தில் ஒரு மேட்ச் ஆடினார்கள். மில்லில் தறி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, வெறுங்காலோடு, இடது காலால் ஒன்று அடித்தார். கம்பங்களுக்கு அப்போது வலை கிடையாது. பந்து போய்ப் பின்னாலிருந்த முட்புதரில் விழுந்தது. கப்பல் அதிகாரிதான் ரெஃப்ரி. இல்லை என்று கையை ஆட்டிவிட்டார். உள்ளே என்றார் அப்பா. வெளியே என்றார் அவருடைய உயிர் நண்பர் சூசை மாமா. கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். பிரெஞ்சுக்காரன் காலத்து ஆபீசில் எழுத்தராக இருந்தவர் வேறு. அவர் சொன்னால் தெரு நம்பும்.

முப்பது வருடம் டீக்கடையில் அந்தப் பந்து உருண்டது. அப்பா எதைச் சொன்னாலும், சம்பளமோ தேர்தலோ மழையோ, "ஒரு முழம் வெளிய போனவன் சொல்றான், கேட்டுக்கங்கப்பா" என்பார் சூசை மாமா. கடை சிரிக்கும். அப்பாவும் சிரிப்பார். வீட்டுக்கு வந்த பிறகு சிரிக்க மாட்டார். சோற்றைப் பிசைந்தபடியே சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தச் சுவரில் இரண்டு கம்பங்கள் தெரிகின்றன என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஆக, உலகத்தில் உண்மை தெரிந்த ஒரே ஆள் அந்தக் கப்பலின் கோல்கீப்பர். கோலி.

பாரிஸை நான் அதன் ஓரங்களிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். எல்லோரும் கோபுரம் பார்க்கப் போனார்கள். நான் மெட்ரோ முடிகிற இடத்தில் இறங்கி, மழையில் ஊறிய மைதானங்களின் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரோ யாரோடோ ஆடுவதைப் பார்த்தேன். திரும்பும்போது ஆறு கூடவே வந்தது. பாலம் பாலமாக என்னைக் கைமாற்றிவிட்டது. அவ்வளவு பெரிய நகரத்தில் என்னைத் தொட்டது மழை மட்டும்தான். வழி கேட்டால் மக்கள் ஒரு கணம் திகைப்பார்கள். என்னுடையது மனு எழுதுகிற பிரெஞ்சு. காபிக் கடைக்காரர் ஒருவர், வழக்கு எந்தக் கோர்ட்டில் நடக்கிறது என்று அக்கறையாக விசாரித்தார்.

எட்டு மாதத் தேடலுக்குப் பிறகு, நூலகத்தில் ஒரு பழைய மாலுமிச் செய்தித்தாளில் அந்த அணியின் பட்டியல் கிடைத்தது. டெலிபோன் டைரக்டரியில் கோலியின் பெயரில் ஏழு பேர். ஏழு பேருக்கும் எழுதினேன். பந்து உள்ளேயா வெளியேயா என்று கேட்டு, கீழே எங்கள் ஊர் மனுவில் எழுதுகிற வழக்கப்படி, இன்னாரின் மகன், இன்ன தெரு, உப்பளம், புதுச்சேரி என்று அப்பாவின் முழு விலாசத்தையும் போட்டேன். என் பாரிஸ் விலாசம் உறையின் மேல். ஒரே ஒரு பதில் வந்தது. "நான்தான். ஞாயிறு காலை வாருங்கள்."

அது நவம்பர் முதல் வாரம். வெறுங்கையோடு போவதா? உப்பளத்தில் ஆட்டக்காரருக்கு மரியாதை என்றால் மாலைதான். அதுவும் முதலில் மாலை, பிறகுதான் பேச்சு. அந்தப் பெரிய சாம்பல் நிற நகரத்தில், என்ன அதிசயமோ, அந்த வாரம் எல்லாப் பூக்கடை வாசலிலும் சாமந்தி. தொட்டி தொட்டியாக, மஞ்சள் மஞ்சளாக. எனக்காகவே பூத்ததாக நினைத்தேன். (இளமையில் எது பூத்தாலும் நமக்காகத்தான்.)

கடைக்காரப் பெண்மணி மெதுவாக, மிகவும் நெருங்கியவரா என்று கேட்டார். என் அப்பா முப்பது வருடமாக நினைத்துக்கொண்டிருக்கும் மனிதர், இப்போதுதான் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தது என்றேன். அவர் கண் கலங்கி என் கையை அழுத்தினார். பிரெஞ்சுக்காரர்கள் கால்பந்தை இவ்வளவு நேசிப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

அறையில் உட்கார்ந்து, சட்டைப் பொத்தான் தைக்கிற ஊசியால் ஒவ்வொரு பூவாகக் கோத்தேன். மறுநாள் காலை மாலையைக் கையில் ஏந்தி மெட்ரோவில் ஏறினேன். எனக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றினார். நானும் பெருந்தன்மையோடு தலையசைத்தேன்.

நான்காவது மாடி. அவரே கதவைத் திறந்தார். உயரமானவர், நன்றாக இளைத்திருந்தார், கம்பளி அங்கி. "போன்ழூர் முசே" என்றேன். முறைப்படி கழுத்தில் மாலையைப் போட்டேன். கும்பிட்டேன்.

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். மாலையைப் பார்த்தார். கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது.

அந்த நாட்டில் சாமந்தி கல்லறைக்கு மட்டுமே போகிற பூ. இறந்தவர்களை நினைக்கிற வாரம் அது. ஊரே சாமந்தியோடு கல்லறைக்குப் போய்க்கொண்டிருந்தபோது நான் மட்டும் அதை உயிரோடு இருப்பவர் வீட்டுக்குத் தூக்கிப் போயிருந்தேன்.

"முந்தாநாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார்" என்றார் மதாம்.

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். விளக்கினேன். எங்கள் ஊரில் இதை எல்லோருக்கும் போடுவோம் மதாம், சாமிக்குப் போடுவோம், மாப்பிள்ளைக்குப் போடுவோம் என்றேன். பிறகு, ஆராய்ச்சி மாணவனுக்கு முழு உண்மை முக்கியம் என்பதால், பிணத்துக்கும் போடுவோம் என்றேன்.

கதவு சாத்தப்பட்டது. உள்ளே ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை. படிக்கட்டில் வெகுநேரம் நின்றேன். கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்கவில்லை.

அப்பாவுக்கு என்ன எழுதுவது? 'கோலி ஊரில் இல்லை' என்று எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து அப்பாவிடமிருந்து கடிதம். "ஊர்ல இல்லாதவர் கழுத்துல மாலை எப்படிடா வந்துச்சு?"

நடந்தது இதுதான். கோலி அந்த மாலையோடு ஒரு போட்டோ எடுத்து, பின்பக்கத்தில் சில வரிகள் எழுதி, என் கடிதத்திலிருந்த விலாசத்துக்கு, நேராக உப்பளத்துக்கே அனுப்பிவிட்டார். எங்கள் தெருவில் பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். டீக்கடையில், இருபது பேருக்கு நடுவில், சூசை மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாராம். ஒருமுறை மனசுக்குள். கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் துடைத்தாராம். பிறகு வாய்விட்டு: "பந்து உள்ளதான் போச்சுன்னு எழுதியிருக்கான். ஒரு சாண் உள்ள."

அன்றைக்கு அப்பா கடை முழுவதற்கும் டீ வாங்கிக் கொடுத்தார். போட்டோவுக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். மாலை போட்ட படம் சுவரில் இருந்தால் எங்கள் ஊரில் என்ன அர்த்தமோ, அதைத்தான் வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எப்போ தவறினாரு என்று துக்கம் கேட்டார்கள். சிலர் கும்பிட்டார்கள். அம்மா வெள்ளிக்கிழமைகளில் படத்துக்குப் பொட்டே வைக்க ஆரம்பித்துவிட்டாள். இப்படியாக, பாரிஸில் இன்னும் பத்து வருடம் நடமாடப்போகிற ஒருவரை நான் இரண்டு நாடுகளிலும் சாகடித்திருந்தேன்.

ஆய்வை முடித்து ஊர் திரும்பிய வாரம், வெள்ளை அடிப்பதற்காகப் படத்தைக் கழற்றினேன். சட்டத்தின் பின்அட்டை விலகியிருந்தது. படித்தேன்.

"வெயில் கண்ணில் அடித்தது. பந்தை நான் பார்க்கவே இல்லை. என்னை மன்னியுங்கள். உங்கள் மகன் கொண்டுவந்த பூவுக்கு நன்றி. இன்னும் உயிரோடு இருக்கிறேன்."

நேராக சூசை மாமா வீட்டுக்குப் போனேன். சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். காற்றடிப்பதை அவர் நிறுத்தவில்லை.

"வெளியதான் போச்சு தம்பி. ஒரு முழம். சாவற வரைக்கும் சொல்வேன்." பம்ப்பை நிமிர்த்தி வைத்தார். "உங்கப்பன்கிட்ட மட்டும் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாத."

சொல்லவில்லை. என் ஆய்வேட்டில் ஓர் அடிக்குறிப்பு உண்டு: உப்பளம் அணி, ஒரு கோல். முந்நூறு பக்கத்தில் அந்த ஒரு வரிக்குத்தான் ஆதாரம் கிடையாது.

அப்பா போய்விட்டார். சூசை மாமாவும் போய்விட்டார். அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் வீட்டுக் கல்யாணம் எதிலும் என்னைப் பூ வாங்க அனுப்புவதில்லை. "இவர அனுப்பாதீங்க, மாப்பிள்ளைய படத்துல ஏத்திடுவாரு" என்பாள் தங்கை. கூடம் சிரிக்கும். கூடத்துச் சுவரில் கோலி தாத்தாவும், பக்கத்தில் சாமந்தி மாலையோடு அப்பாவும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த மாலையை மட்டும் நான்தான் வாங்கினேன்.

போன பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது என் மகள் கோலி தாத்தாவைக் கழற்றித் துடைத்தாள். பள்ளியில் அவளுக்கு இது பிரெஞ்சு மூன்றாவது வருடம். பின்பக்கம் திருப்பி, விலகிய அட்டைக்குள் பார்த்துவிட்டு, "இன்னாப்பா எழுதியிருக்கு?" என்றாள்.

"பந்து உள்ளதான் போச்சுன்னு எழுதியிருக்காரு."

அவள் அந்த வரிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு லேசாக அசைந்தது. பிறகு பக்கத்துப் படத்தில் இருந்த தாத்தாவைப் பார்த்தாள்.

"ஆமாப்பா. உள்ளதான்" என்று சொல்லி, ஆணியில் மாட்டி, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தாள்.