தண்ணீர் வரும் பக்கம் போன விதானையார்

தண்ணீரால் வாழ்ந்தவர்கள் உண்டு. தண்ணீரில் போனவர்களும் உண்டு. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் போய்க் கனடாவைத் தவறவிட்டவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் வட்டவிதானையார்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். வட்டை என்றால் வயல்வெளி. ஒரு வட்டையில் காணி உள்ளவர்கள் விதைப்புக்கு முன் கூட்டம் போட்டுத் தங்களுக்குள் ஒருவரைத் தெரிவு செய்வார்கள். யாருடைய வயலுக்கு எந்த நாள், எத்தனை மணி நேரம் தண்ணீர் என்று தீர்மானிப்பவர் அவர். அவரே விதானை. மட்டக்களப்பில், வந்தாறுமூலைக்கு மேற்கே எங்கள் வட்டையில் பதினான்கு வருடம் தொடர்ச்சியாக இவரைத்தான் தெரிவு செய்தோம். காரணம் அன்பல்ல. பதவியைப் பறித்தால் ஓய்வு கிடைத்து, வீடுவீடாக வந்து கூரைப் பீலியையும் தண்ணீர் ஓடும் கானையும் பார்க்கத் தொடங்கிவிடுவார் என்ற பயம்.

ஓடும் தண்ணீரைச் சும்மா கடந்து போக அவரால் முடியாது. ஓர் இலையைப் பிய்த்துப் போடுவார். இலையோடு கூடவே நடந்து, அது எத்தனை அடியை எத்தனை எண்ணுவதற்குள் கடக்கிறது என்று பார்ப்பார். பிறகு, "இது ரெண்டு ஏக்கருக்குப் பத்தாது" என்று தீர்ப்புச் சொல்வார். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். தீர்ப்பு பிழையானதும் இல்லை.

என் தகப்பனாரின் பிரேதம் வாசலைத் தாண்டும்போது தூக்கியவர்களில் ஒருவர் குறைந்தார். பெட்டி ஒரு பக்கம் சரிந்தது. தேடினால், ஆள் வெளிவாசல் படலையடி மதகுக்குள் தலையை விட்டபடி இருக்கிறார்.

"கோவிக்காத மச்சான். மாமா போயிட்டார், அவருக்கு இனி ஒண்டும் செய்யேலாது. இந்த மதகு அடைச்சுக் கிடக்கு. மாரிக்கு உன்ட வளவு தாழும்" என்றார்.

அது ஆவணி மாதம். கார்த்திகை இரண்டாம் கிழமை என் வீட்டு வளவு தண்ணீருக்குள் தாழ்ந்தது.

அவருடைய கலியாணத்தன்றும் இதே கதைதான். மாப்பிள்ளை ஊர்வலம் வாய்க்கால் பாலத்தில் நின்றுவிட்டது. ஊரார் இருபது நிமிடம் என்பார்கள். நான் மணிக்கூட்டைப் பார்த்தவன், இருபத்திரண்டு. மணவறையில் காத்திருந்தவள் என் சித்தப்பாவின் மகள், எனக்குத் தங்கச்சி முறை. அவள் காத்திருக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

பிறகு வந்தது இரசாயனப் பசளை கிடைக்காத வருடம். வட்டையில் தண்ணீர் இருந்தது, கதிரில் மணி இருக்கவில்லை. அடுத்த வருடம் டீசலுக்கு வரிசையில் நின்றே அறுவடைக் காலம் முடிந்தது. விதானையார் வாழ்க்கையில் முதன்முறையாகத் தண்ணீரால் தீராத ஒரு பிரச்சினையைக் கண்டார். கண்டவர் கனடா போவதென்று முடிவெடுத்தார்.

எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்ணோடுதான் போகும். தங்கச்சிக்குத் தாய் கொடுத்த மூன்று ஏக்கர், அவளுக்குப் பிறகு மகளுக்கு என்று இருந்தது. அதைத்தான் விற்றார்கள். வாங்கியவர் நகரத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஒரு முதலாளி. விற்பனை உறுதிப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து வைத்தவன் நான். அது ஒரு செவ்வாய்க்கிழமை. "செவ்வாயில வேணாம் அண்ணன்" என்று அவள் சொன்னாள். ஆட்களைக் கனடாவுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரனுக்கு அவசரம்.

"போய்ச் சேர்ந்து ரெண்டு வருசத்துக்குள்ள காணிய மீட்டுத் தாறன்" என்றார் விதானையார்.

"நேராப் போங்க. வழியில எங்கயும் நிக்காதீங்க" என்றாள் அவள். அந்த மனிதரை நன்றாக அறிந்த ஒருத்தி சொல்லக்கூடிய ஒரே புத்திமதி அதுதான்.

எத்தனையோ விமானம் மாறி, எத்தனையோ அறையில் அடைந்து கிடந்து, கிழக்கு மாகாணத்து ஆட்கள் ஆறு பேர் மெக்சிக்கோ நாட்டின் தெற்கில் வந்து சேர்ந்தார்கள். அங்கே ஏஜென்சிக்காரன் ஒரு திட்டம் சொன்னான். காலையில் உல்லாசப் பயணிகளின் பஸ்ஸில் ஏறவேண்டும். அதைச் சோதனைச் சாவடியில் மறிப்பதில்லை. பலெங்கே என்ற பழைய மாயா நகரத்தின் இடிபாடுகளை மற்றவர்களோடு சேர்ந்து சுற்றிப் பார்க்கவேண்டும். ஒன்றரை மணிக்குக் கீழ்வாசலில் வடக்கே கொண்டுபோக ஒரு வேன் வரும். பத்து நிமிடம்தான் நிற்கும்.

இதற்கு மேல் நடந்ததை விதானையாரின் வாயால் நான் ஒன்பது தடவை கேட்டிருக்கிறேன், எல்லாம் சந்தித் தேத்தண்ணிக் கடையில். ஒன்பதையும் திகதியோடு குறித்து ஒப்பிட்டுப் பார்த்தேன். காவலாளி முதல் தடவை ஒருவர், ஆறாம் தடவை நால்வர். ஐந்தாம் தடவை ஒரு முதலை வந்தது, ஏழாம் தடவை போய்விட்டது. ஒன்பதிலும் மாறாததை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

"அப்ப ரூரிஸ்ட் மாதிரித்தான் வெளிக்கிட்டீங்க?" என்று கடைக்காரர் தொடக்கி வைப்பார்.

"ஓம். கட்டைக் காற்சட்டை, பூப்போட்ட சேட், தொப்பி. கழுத்தில ஒரு கமெரா, அதுக்குள்ள ஒண்டுமில்ல. வயலுக்க நான் தொடை தெரிய நிண்டிருக்கன். சப்பாத்தும் போட்டுத் தொடை தெரிய நிண்டது அண்டைக்குத்தான்."

"மறுகா? அதுக்குப் பிறகு?"

"மறுகா என்ன, கோயில் கோயிலாக் காட்டினாங்க. இவர் ராசா, இது ராசாட கல்லறை, இது ராசாட மாளிகை. ராசாவப் பாக்கவா நான் வந்த? நிண்டு கேட்டுக்கிருந்தன். அப்பதான் காலுக்குக் கீழ ஒரு சத்தம். தண்ணி!"

இங்கே நான் குறுக்கிட வேண்டும். புத்தகங்களைத் தேடி வாசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. அந்த நகரத்தார் மாளிகையடியால் ஓடிய ஆற்றை மறிக்கவில்லை. கல்லால் வளைவு கட்டி நிலத்துக்குக் கீழே விட்டு, மேலே முற்றம் அமைத்திருக்கிறார்கள். வேலை நடந்தது ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளில். விதானையார் "ரெண்டாயிரம் வருசம்" என்பார். ஆயிரத்து முந்நூறு என்று ஒவ்வொரு தடவையும் திருத்துவேன்.

"தண்ணிக்கு எழுநூறு வருசம் ஒரு கணக்கா மச்சான்? நீ ஒருக்காப் பேசாம இரு" என்பார்.

பஸ்ஸோடு வந்த வழிகாட்டி ஒரு வயதான மனிதர். அந்த மக்களின் வழிவந்தவர். எத்தனையோ வருடமாக ராசாவைப் பற்றியே சொல்லிச் சலித்திருந்தவர் போலும்.

"நான் 'வாட்டர்?' எண்டன். மனிசன்ட கண்ணு விரிஞ்சிட்டு. 'வாட்டர்!' எண்டார். நான் 'வேர்?' எண்டன். அவர் 'கம்!' எண்டார். அவ்வளவுதான் நாங்க பேசின இங்கிலீசு. மிச்சம் எல்லாம் கைப்பாசை. எங்கட பொறியியலாளர்மாரோட மூண்டு மணித்தியாலம் பேசினாலும் விளங்காத விசயம், ஒரு நிமிசத்தில விளங்கிட்டு."

வழிகாட்டி கூட்டிக்கொண்டு போய்க் கல்வாய்க்காலின் மேல்வாயைக் காட்டினார். "ஆள் நிமிர்ந்து நடக்கலாம். கல்லுக்கு மேல கல்லு. எங்கட வாய்க்கால் துருசுக் கதவு போன வருசம் போட்டது, இப்ப ஒழுகுது!" விதானையார் ஓர் இலையைப் போட்டுவிட்டுக் கீழ்வாய்க்கு ஓடினார். நின்று எண்ணினார். இலை வரவில்லை. இரண்டாவது இலை போட்டார். அதுவும் வரவில்லை. மூன்றாவதும் போனதுதான். அப்போது மணி ஒன்று இருபது.

கூட வந்தவர்களில் ஒருவர் ஓடிவந்து கூப்பிட்டிருக்கிறார். "விதானையார், நேரமாச்சு! வாங்க!"

"நீங்க போங்க. இந்தா வாறன்."

"இந்தா வாறன்" என்ற சொல்லை நம்பி மட்டக்களப்பில் கெட்டுப்போன காரியங்களை எழுதுவதென்றால் எனக்கு ஆயுள் போதாது. கெட்டுப்போனவற்றில் பெரியது இதுதான்.

பிறகு வரைபடத்தைப் பார்த்தேன். கீழ்வாயில் வெளியே வரும் அந்த ஆறு, சின்னச் சின்ன அருவியாக விழுந்து, கீழ்வாசல் பக்கமாகத்தான் இறங்குகிறது. அன்றைக்கு அவர் தண்ணீரோடு கீழே நடந்திருந்தால் வேனில் ஏறியிருப்பார். தண்ணீர் போகும் பக்கம் போகிறவர்கள் சாதாரண மனிதர்கள். இவர் விதானை. இலை எங்கே தங்கியது என்று பார்க்கத் தண்ணீர் வரும் பக்கம் ஏறினார்.

"சப்பாத்தக் கழட்டி வச்சுப்போட்டு உள்ளுக்கு இறங்கினன். ஒரு பெரிய கொப்பு குறுக்கால கிடக்கு. அதில ஒரு பிளாஸ்ரிக் போத்தல். அதுக்குப் பின்னால என்ட மூண்டு இலையும் வரிசையா நிக்குது, டீசலுக்கு நிண்ட மாதிரி. இழுத்து விட்டன் பாருங்க! இரைஞ்சு போச்சு தண்ணி. அந்தச் சத்தம்..."

இந்த இடத்தில் அவர் ஒவ்வொரு தடவையும் நிறுத்துவார். கடையில் எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

மேலே வழிகாட்டி கைதட்டிக்கொண்டு நின்றார். காவலாளி விசில் ஊதிக்கொண்டு நின்றார். மணி இரண்டாக ஐந்து நிமிடம்.

பிறகு நடந்ததில் யாரையும் குற்றம் சொல்ல இடமில்லை. பஸ்ஸில் வழிகாட்டி தலைகளை எண்ணினார். ஐந்து பேர் குறைந்தார்கள். நல்ல மனிதர், காட்டில் வழிதவறிவிட்டார்கள் என்று பதறிப்போய்ப் பொலிசுக்குச் சொன்னார். வந்தவர்கள் கடவுச்சீட்டைக் கேட்டார்கள்.

"மற்றவங்க எங்க எண்டு கேட்டானுகள். 'டெம்பிள்' எண்டன். எந்தப் பக்கம் எண்டு கேட்டானுகள். 'டெம்பிள்' எண்டன். அங்க எங்க பாத்தாலும் டெம்பிள்தானே. ரெண்டு மணித்தியாலம் தேடினானுகள்."

"நீங்க பேசாம அந்த வேனில கனடாவுக்குப் போயிருந்தா இப்ப எங்களுக்குச் சுவையான கதை சொல்ல ஆள் இரிக்காது!" என்பார் சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரர். இதற்கும் சிரிப்பு. நானும்தான்.

ஐவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒருவருக்கு ஊரில் மேல்மாடி எழும்புகிறது. விதானையாரை ஒன்றரை மாதம் அடைத்து வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். ஐப்பசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அந்தத் தொப்பியோடு படலையில் வந்து நின்றார். தங்கச்சி ஒருமுறை பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தேவையானதை நாயிடம் சொல்வாள். "சோறு ஆறுது எண்டு சொல்லு." நாய் அவரைப் பார்க்கும். அவரும் நாயிடமே பதில் சொல்வார். "இந்தா வாறன் எண்டு சொல்லு." மகள் விடிய ஐந்தரைக்கு ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்குப் போகிறாள். அவளுக்குக் கேட்டு வந்த ஒரு சம்பந்தம், காணி இல்லை என்றதும் போனது போனதுதான்.

காணி இல்லாதவர் விதானையாக இருக்கமுடியாது. புதியவரைத் தெரிவு செய்தோம். வட்டையின் கடைக்கோடியில் உள்ள என் ஒரு ஏக்கருக்குத் தண்ணீர் வருவது அந்தப் போகத்தோடு நின்றது. ஹாட்வெயார் முதலாளி மட்டும் கெட்டிக்காரர். வாங்கிய மூன்று ஏக்கருக்கும் நாட்கூலிக்குத் தண்ணீர் கட்ட இவரையே பிடித்துக்கொண்டார். தன் மனைவியின் வயலுக்கு, தான் வெட்டிய வாய்க்காலால், அடுத்தவருடைய கூலியாகத் தண்ணீர் விட்டார் விதானையார். வட்டையிலேயே அந்த வயல்தான் நன்றாக விளைந்தது.

அவர் திரும்பி வந்த பின் இரண்டாவது தை மாதம், இரண்டாம் ஞாயிறு, காலை பத்து மணி. நகரத்திலிருந்து ஒரு யூரியூப்காரர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கதையைக் கேட்டுவிட்டு, "ஐயா, சொன்னாப் பத்தாது. செய்து காட்டுங்க. அந்தத் தொப்பியும் காற்சட்டையும் வச்சிருக்கீங்கதானே?" என்றார்.

விதானையார் போய் அவற்றைச் சப்பாத்தோடு போட்டுக்கொண்டு வந்தார். தண்ணீர்க் கதை என்றால் கூப்பிட்டதும் வருபவர்தான். கடைக்குப் பக்கத்தில் மழைத்தண்ணீர் ஓடும் கான். "இறங்குங்க ஐயா. இலையப் போடுங்க. இப்ப அந்த 'டெம்பிள்' சொல்லுங்க."

அவர் முழங்கால் தண்ணீரில் நின்று "டெம்பிள்" என்றார். சந்தி முழுவதும் சிரித்தது. "இன்னொருக்கா! கொஞ்சம் பயந்த மாதிரி!" இன்னொருமுறை சொன்னார். நான் சிரிப்பில் நிறைந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, தெருவுக்கு அந்தப் பக்கம் தங்கச்சி நின்றாள். கையில் கூட்டுறவுக் கடைப் பை.

அவள் தெருவைக் கடந்து வந்து யூரியூப்காரரின் கைபேசிக்கு முன்னால் நின்றாள். பெரிதாகச் சத்தம் போடவில்லை.

"போனது என்ட காணி. போனவர் என்ட மனிசன். இதுக்குச் சிரிக்கிறதெண்டா நான்தான் சிரிக்கணும். நான் இன்னும் சிரிக்கல்ல."

கடைக்காரர் தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்தினார். யூரியூப்காரர் கைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தார். அவள் என்னையும் பார்த்தாள். அண்ணன் என்று கூடச் சொல்லவில்லை.

பிறகு திரும்பிக் கானின் ஓரத்துக்கு வந்தாள். பதினைந்து மாதத்துக்குப் பிறகு அவரிடம் பேசினாள்.

"அந்தப் பக்கம் பாசி கிடக்கு. பாத்து ஏறுங்க."

அவர் மேலே ஏறப் பார்த்தார். சப்பாத்து வழுக்கியது. நான்தான் பக்கத்தில் நின்றவன், கையை நீட்டினேன். அவர் என் கையைப் பிடிக்கவில்லை. அவளுடைய கையைப் பிடித்தார், சேற்றோடு. அவள் அதை உதறவில்லை.