மஞ்சள் நூல் கட்டிய இரண்டு பெட்டிகள்

கூரம் வெங்கடேசன் மச்சான் அவர்களுக்கு,

காஞ்சிபுரத்திலிருந்து உங்கள் தங்கை வீட்டுக்காரன் முருகேசன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் கல்யாணப் பெண் திரிஷாவும் சுகந்தானே. நேற்று காமாட்சியம்மன் கோயில் வாசலில், மாப்பிள்ளை வீட்டார் பார்க்க, உங்கள் கையிலிருந்த முகூர்த்தப் புடவைப் பெட்டியை நான் பிடுங்கிக்கொண்டு வேறு பெட்டியைத் திணித்ததிலிருந்து நீங்கள் போனை எடுக்கவில்லை. கோபம் நியாயமே. ஆகையால் காந்தாவிடமே இக்கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன். தங்கை கையால் வந்ததையாவது படிப்பீர்கள்.

எல்லாம் நம் மருமகள் பிரியதர்ஷினியின் அறிவால் வந்த வினை. அவளைக் குறை சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொல்கிறேன். எனக்கு இருதயக் குழாயில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்களே, அதற்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று ஆராய்கிற கூடத்தில் அவளுக்கு வேலை. ஒருநாள் கேட்டேன். சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "மாமா, நீங்க துன்ற ஆட்டுக்கறி, முட்டை மஞ்சக்கரு, இதையெல்லாம் குடல்ல இருக்குற கிருமிங்க ஒரு வாயுவா மாத்துது. ஈரல் அதை இன்னொண்ணா மாத்தி ரத்தத்துல வுடுது. அது ஜாஸ்தியானா குழாய்ல கொழுப்பு படியுதோன்னு சந்தேகம். அப்புறம் ஈரல் கொழுப்பை எடுத்துத்தான் பித்தநீர் செய்யுது. அதையும் கிருமிங்க மாத்தித் திருப்பி அனுப்புது. அதைப் பாத்துத்தான் ஈரல் இன்னும் எவ்ளோ கொழுப்பைச் செலவு பண்ணலாம்னு முடிவு பண்ணுது. முழுசா இன்னும் தெரியலை, பாத்துக்கினு இருக்கோம்." நம் கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒருவர், கரைக்கு ஒருவர் உட்கார்ந்து சேர்ந்து நெய்வது மாதிரி என்று எனக்குப் புரிந்தது. என்ன பெண் மச்சான் அவள்! இவ்வளவு பெரிய சங்கதியை ரசம் ஊற்றுவதற்குள் சொல்லி முடித்துவிட்டாள்.

அந்த ஆய்வுக்கு என்னைப் போன்றவர்களின் காலைக்கடனில் கொஞ்சம் வேண்டுமாம். ஒரு டப்பாவும் ஐஸ் பையும் கொடுத்தாள். கொடுப்பதில் எனக்கு வெட்கமில்லை, ஆனால் நம் பட்டுப்புடவைக் கடையில் ஆள் நடமாட்டம். யார் கண்ணிலும் படக்கூடாதென்று புடவைப் பெட்டியில் வைத்து மூடினேன். பெட்டி நூல் கட்டாமல் இருந்தால் யாராவது திறந்துவிடுவார்களே என்று, முகூர்த்தப் புடவைக்குக் கட்டுவதுபோல் அதற்கும் மஞ்சள் நூல் கட்டினேன். அங்கேதான் புத்தி கெட்டது. நீங்கள் திரிஷாவின் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியதும், மீதியிருந்த பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இல்லை. ஐயோ, ஐஸ் வைத்த பெட்டிதான் உங்கள் கையோடு போய்விட்டது என்று நினைத்தேன். நூல் கட்டிய பெட்டியை அம்மன் பாதத்தில் வைக்கும்வரை அவிழ்க்கக் கூடாதென்பது நம் வழக்கம், அதனால் பிரித்தும் பார்க்கவில்லை. அந்தப் பெட்டியோடு வெயிலில் ஓடினேன் மச்சான். போன வருஷம் மாடிப்படி ஏற முடியாதவன், சன்னதித் தெருவைக் கடந்து செருப்பு விடுமிடத்தில் உங்களைப் பிடித்துப் பெட்டியை மாற்றினேன். "இன்னாய்யா பண்ற, பைத்தியமா?" என்று நீங்கள் கேட்டீர்கள். மாப்பிள்ளையின் அப்பா முன்னால் என்ன சொல்வது?

மூச்சு வாங்கவில்லை என்று பிரியதர்ஷினியிடம் சொன்னேன். "சந்தோஷம் மாமா, அதுக்காக மாத்திரையை நிறுத்திடாதீங்க" என்றாள். பெட்டியை அவளே ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போனாள். ஆக, சரியான புடவை அம்மன் பாதத்தில் பட்டு, உங்கள் பூஜையறையில் விளக்கடியில் இருக்கிறது. என் மானம் போனாலும் உங்கள் மானம் தப்பியது. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் புடவை பார்க்க வரும்போது என்னையும் கூப்பிடுங்கள். நீங்கள் என்னோடு பேசாமலிருப்பது எனக்கு உண்மையிலேயே நெஞ்சடைப்பை விடக் கஷ்டமாயிருக்கிறது.

திரிஷாவுக்கு எங்கள் ஆசிகள். அக்காவுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
முருகேசன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் பிரியதர்ஷினி போன் செய்தாள். "மாமா, பெட்டியில அரக்குக் கலர் பட்டு இருக்குது. இதுல எந்தக் கிருமியைத் தேடறது?" கடையில் நான் தொட்டபோது ஐஸ் உருகியிருந்ததாம், அவ்வளவுதான். புடவையை வாங்கிக்கொண்டுதான் காந்தா வருகிறாள். அம்பாள் கோபிக்க மாட்டாள், எல்லார் வயிற்றையும் படைத்தவள் அவள்தானே. நீங்கள் மட்டும் அந்த நூலை அவிழ்க்காமல், பெட்டியை விளக்கடியிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். பாலுக்குப் பக்கத்தில் வேண்டாம்.