வலது பக்கம், ரெண்டு கல்லு

தென்காசியில் ஆண்டவருக்கே வழி சொன்ன ஆள் ஒருவர்தான். பின்கோடு அண்ணாச்சி.

காலமெல்லாம் தபால் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் சைக்கிளை விடவில்லை. காக்கிச் சட்டையையும் விடவில்லை. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அது யாருக்கும் தேவைப்படவில்லை.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை தோறும் உபவாச ஜெபம். காலையில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வர வேண்டும். பாட்டு, வசனம், ஜெபம். மதியம் முடிந்ததும் கஞ்சியும் கொள்ளில் அரைத்த காணத்துவையலும். கஞ்சி வாசம் வந்துவிட்டால் எல்லோருடைய ஜெபமும் சுருங்கிவிடும். அண்ணாச்சியின் ஜெபம் அப்போதுதான் ஆரம்பிக்கும்.

"ஆண்டவரே, பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, இடது கைப் பக்கம் மூணாவது சந்து. ரேஷன் கடைக்கு எதிர்த்தாப்புல மாடி வீடு. மாடிக்கு ஏறாதேயும், அங்கன வாடகைக்கு இருக்கது வேற ஆளு. கீழ் வீட்டுல செல்லத்தாயி. முட்டுவலி. இடது முட்டு. தென்காசி."

அதோடு பின்கோடையும் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த ஆளுக்குப் போவார்.

எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம். அப்போது இருந்த ஐயர் ஒரு நாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஆண்டவருக்கு எல்லாம் தெரியும். பின்கோடு வேண்டாமே."

"ஐயரே, தென்காசியில எத்தனை செல்லத்தாயி இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். பை தூக்குனவன் நான். தெருப் பேரு இல்லாம வந்த மணியார்டரு பக்கத்துத் தெருச் செல்லத்தாயிக்குப் போயி, அவ கோழி வாங்கித் தின்னுட்டா. சுகமும் அப்படி மாறிப் போச்சுன்னா யாரு பதில் சொல்லுவா? நீங்களா?"

ஐயர் கஞ்சி குடிக்கப் போய்விட்டார்.

உபவாசத்துக்கும் அவரிடம் தபால் கணக்குதான்.

"உபவாசம்னா ஸ்டாம்புலே. ஸ்டாம்பு ஒட்டாத கடுதாசியும் போகும். ஆனா வாங்குதவன்கிட்ட ரெட்டிப்பா வசூல் பண்ணுவான். நம்ம வயித்தைக் காயப்போடாம ஜெபம் பண்ணினா, அந்தப் பாரம் பூரா நோயாளி தலையில விழும்."

ஒரு வேளை சாப்பாட்டை விட்டால் சாதா தபால். நாள் முழுக்க விட்டால் ரிஜிஸ்டர். தண்ணீரும் இல்லாமல் கிடந்தால் தந்தி. அரசாங்கம் தந்தியை நிறுத்திவிட்டது. அண்ணாச்சி நிறுத்தவில்லை.

பரீட்சைக்குச் சாதா தபால். கல்யாணத்துக்கு ரிஜிஸ்டர். உயிருக்குத்தான் தந்தி. புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருந்த ஒருவர், பழம் விலை ஏற வேண்டும் என்று தந்தி கேட்டு வந்தார். "புளிச்ச பழத்துக்கெல்லாம் தண்ணி குடிக்காமக் கிடக்க முடியாது வே" என்று அனுப்பிவிட்டார்.

பரோட்டாக் கடையைத் தாண்டும்போது மூக்கில் துணி கிளிப்பை மாட்டிக்கொள்வார். சால்னா வாசம் உள்ளே போனால் ஸ்டாம்பு பாதி உரிந்துவிடுமாம். மாஸ்டர் கல்லில் தட்டிக்கொண்டே கேட்பார்.

"அண்ணாச்சி, இன்னைக்கு என்ன தபாலு?"

"சாதா." கிளிப் போட்ட மூக்கில் அது வேறு என்னவோ மாதிரிக் கேட்கும்.

"அப்பம் சாயங்காலம் நாலு எடுத்து வைக்கட்டா?"

"ஆறு வை."

நான் ஆட்டோ ஓட்டுகிறேன். சீசன் வந்தால் குற்றாலம் சவாரிதான். ஒரு தடவை அண்ணாச்சி தந்தி உபவாசத்தில் இருந்தபோது என்னோடு ஐந்தருவிக்கு வந்தார். குளிக்க ஆசை. வாயில் தண்ணீர் போனால் தந்தி கெட்டுவிடும். துண்டை எடுத்து மூக்குக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொண்டு அருவிக்குள் நின்றார். கண்ணை மூடி, கையைக் கூப்பி, வாயைக் கட்டி.

வெளியூர்க் கூட்டம் மௌனச் சாமியார் என்று நினைத்துவிட்டது. ஒரு அம்மா பொத்தென்று காலில் விழுந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது. வேண்டாம் வேண்டாம் என்று இவர் கையை ஆட்டினார். அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வெளியே வந்து துண்டை அவிழ்த்ததும் அந்த அம்மாவைத் தேடிப் பிடித்தார். "எந்த ஊரு தாயி? தெருப் பேரு சொல்லு."

அவளுக்குச் சுரண்டை. மகனுக்கு வேலை இல்லை. அந்த வெள்ளிக்கிழமை எங்கள் சபையிலிருந்து சுரண்டைக்கு ஒரு தபால் போனது.

"அம்மன் கோயில் தெரு, ஆண்டவரே. கோயிலுக்கு ரெண்டு வீடு தள்ளி. கோயிலைப் பாத்துட்டுத் திரும்பிராதேயும்."

இப்படிப்பட்ட ஆளிடம் என் வீட்டு விலாசமும் போய்ச் சேர்ந்தது.

என் மனைவி எஸ்தருக்கு வயிற்றில் வலி. திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தோம். கட்டி. பரவிவிட்டது என்றார் டாக்டர். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஆலங்குளம் தாண்டி எஸ்தர் வாயைத் திறந்தாள்.

"யாருகிட்டயும் கட்டின்னு சொல்லாதீய. கல்லுன்னு சொல்லுங்க. கட்டின்னா வந்து உக்காந்து அழுவாளுவ. சாவுததுக்கு முந்தியே எனக்கு ஒப்பாரி கேக்க முடியாது."

சரி என்றேன்.

மறுநாளே வாசலில் சைக்கிள் மணி. எங்கள் வீட்டுக் கேட் பச்சை. அதைப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி நின்றார்.

"ஏட்டி எஸ்தரு, கல்லாம்லா? எந்தப் பக்கம்?"

எஸ்தர் என்னைப் பார்த்தாள். "வலது பக்கம் அண்ணாச்சி."

"எத்தனை?"

"ரெண்டு."

"என்ன சைசு?"

"ஒண்ணு மிளகு. ஒண்ணு கொண்டைக்கடலை."

"வலது பக்கம், ரெண்டு கல்லு, மிளகு ஒண்ணு, கடலை ஒண்ணு" என்று வாய்ப்பாடு மாதிரிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "தந்திதான். கடலை சைசுக்கு ரிஜிஸ்டர் தாங்காது."

அவர் போனதும் எஸ்தர் சிரித்தாள். ஸ்கேன் எடுத்த பிறகு அன்றுதான் சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு வலிக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை என் வீட்டுக்குத் தந்தி தொடங்கியது. "வாட்டர் டேங்குக்குப் பக்கத்துல, பச்சைக் கேட்டு வீடு. வாசல்ல ஆட்டோ நிக்கும். நிக்கலன்னா சவாரி போயிருக்கான், வீடு அதேதான். எஸ்தரு. வலது பக்கம். ரெண்டு கல்லு."

வாரா வாரம் தந்தி. தந்திக்கும் தந்திக்கும் நடுவில் அரை டம்ளர் கஞ்சி. அந்த வயதில் உடம்பு தாங்குமா? காக்கிச் சட்டை மட்டும் தனியாகச் சைக்கிள் ஓட்டிப் போவது போல இருந்தது. ஒரு நாள் கடையநல்லூர் ரோட்டில் சைக்கிளோடு சாய்ந்துவிட்டார். ஜவுளிக்கடை பாய் ஒருவர் தூக்கி உட்காரவைத்து சர்பத் கொண்டுவந்தார்.

"நோன்பா அண்ணாச்சி?"

"ஆமா பாய்."

"எப்பம் தொறப்பீய?"

"கல்லு விழட்டும்."

பாய் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு சர்பத்தை அவரே குடித்தார்.

இதை நான் வீட்டில் வந்து சொன்னேன், எஸ்தர் சிரிப்பாள் என்று. அவள் சிரிக்கவில்லை.

"அந்த மனுசன் எனக்கு முந்திப் போயிருவாரு போலிருக்கே. ஒரு கல்லை விழ வைப்போம்."

அண்ணாச்சி அடுத்து வந்தபோது சொன்னாள். "மிளகு போயிட்டு அண்ணாச்சி."

அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட மறந்தார். அது கேட்டின் மேல் விழுந்தது. வெள்ளிக்கிழமை சபையில் எழுந்து சாட்சி சொன்னார். "மிளகு டெலிவரி ஆயிட்டு! கடலை மட்டும்தான் பாக்கி!" சபை ஸ்தோத்திரம் என்று கைதட்டியது. கடைசிப் பாயில் நான் உட்கார்ந்திருந்தேன். நானும் தட்டினேன்.

எஸ்தருக்கு ஒன்றும் இறங்கவில்லை. நீராகாரம் கூட நிற்கவில்லை. கண் மஞ்சளாகிவிட்டது. "கடலை அழுத்துது, அதான் மஞ்சளு" என்றார் அண்ணாச்சி. அரை டம்ளர் கஞ்சியையும் நிறுத்தினார். நான் சொன்னால் கேட்கவில்லை. ஐயர் சொன்னாலும் கேட்கவில்லை.

கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாத நிலையில் எஸ்தர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"அண்ணாச்சி, கடலையும் போயிட்டு."

"நெசமாவாட்டி?"

"நெசமா. போய்க் கஞ்சி குடிங்க."

அந்த வெள்ளி மூன்று கும்பா கஞ்சி குடித்தார். துவையலை விரலால் வழித்து நக்கினார். "பாத்தியாலே, விலாசம் சரியா இருந்தா போய்ச் சேராத தபாலே கிடையாது" என்று என் முதுகில் அடித்தார். சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர். என்னிடம் அது கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்கு மணி அடித்துக்கொண்டிருக்கும்போது எஸ்தர் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கிளம்பினார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் அண்ணாச்சி சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்.

"ரெண்டு கல்லும் போயிட்டே. பொறவு ஏம்லே போனா?"

"கல்லே இல்ல அண்ணாச்சி. கட்டி."

"கட்டியா?"

"ஆமா."

"எந்தப் பக்கம்?"

"எல்லாப் பக்கமும்."

அவர் கட்டைவிரல் சைக்கிள் மணியின் மேல் இருந்தது. அடிக்கவில்லை.

"வியாதி பேரு தப்பு. பக்கம் தப்பு. அவரு வந்திருப்பாருலே. வந்து, வலது பக்கம் கல்லைத் தேடிப் பாத்துட்டு, இங்கன அப்படி ஒண்ணும் இல்லன்னு திரும்பிப் போயிருப்பாரு."



அதற்குப் பிறகு அண்ணாச்சி வெள்ளிக்கிழமை வரவில்லை. ஜெபம் சீக்கிரம் முடிந்தது. கஞ்சி சூடாகக் கிடைத்தது. யாருக்கும் அது ருசிக்கவில்லை. பரோட்டா மாஸ்டர் என்னை நிறுத்தி, "எங்க வே அவரு, ஊர்ல இல்லையா?" என்று கேட்டார். வீட்டில்தான் கிடந்தார். பாயில், சுவரைப் பார்த்து. யாருக்கு உபவாசம் என்று ஐயர் போய்க் கேட்டதற்கு, "யாருக்கும் இல்ல. பசிக்கல" என்றாராம்.

ஒரு வெள்ளிக்கிழமை கஞ்சியைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு நான் போனேன். பக்கத்தில் வைத்தேன். அவர் திரும்பவில்லை. எனக்கு ஆறுதல் சொல்ல வராது. எனக்கே ஒருவரும் சொல்லி முடிக்காத ஆறுதலை அவருக்கு எங்கே போய் வாங்குவது? நடந்ததை மட்டும் சொன்னேன்.

"அண்ணாச்சி, நீங்க கடையநல்லூர் ரோட்டுல விழுந்ததைக் கேட்டுட்டுத்தான் அவ மிளகை விழ வெச்சா. நீங்க கஞ்சி குடிக்கணும்னுதான் கடலையையும் விழ வெச்சா."

சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"கடலை போயிட்டுன்னு சொன்ன அன்னைக்கு, அவ என்ன சாப்பிட்டா?"

"ஒண்ணும் இறங்கல."

"தண்ணி?"

"அதுவும் இல்ல."

எழுந்து உட்கார்ந்தார். காக்கிச் சட்டையின் பொத்தானைப் போட்டார்.

"தண்ணி கூடக் குடிக்காம ஒருத்தி, கஞ்சி குடின்னு சொல்லியிருக்கா. அது தந்திலே. தந்தியைத் திருப்பி அனுப்பக் கூடாது. வாங்கணும்."

தூக்குவாளியை இழுத்துக் குடித்தார். அதில் பாதி சட்டையில் கொட்டியது. முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

இப்போது மறுபடியும் வருகிறார். குரல் கம்மிவிட்டது. செல்லத்தாயியின் முட்டுவலியைச் சில நாள் சுரண்டைக்கு அனுப்பிவிடுகிறார். யாரும் திருத்துவதில்லை. கடைசியாக என் வீட்டுக்கு வருவார்.

"வாட்டர் டேங்குக்குப் பக்கத்துல, பச்சைக் கேட்டு வீடு. ஆட்டோக்காரன். ஒத்தையில இருக்கான். என்ன வியாதின்னு எனக்குச் சொல்லத் தெரியல, ஆண்டவரே. நீரே போய்ப் பாத்துக்கிடும்."

எனக்கு ஜெபம் வருவதில்லை. கஞ்சிக்குத்தான் போகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மழையில் கேட் துருப்பிடித்துவிட்டது. நீலம் அடித்தால் நன்றாக இருக்கும் என்றான் பெயிண்டர். பச்சையே அடி என்று சொல்லிவிட்டேன். நிறம் மாறினால் அண்ணாச்சிக்குச் சிரமம்.