எல்மர் ஃப்ரீசன் தள்ளிய தள்ளு

"வியாழக்கிழமை காலையில பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போக முடியுமா? சனிக்கிழமை கர்லிங் கிளப்புல நடந்தது பத்திக் கொஞ்சம் பேசணும்," என்றார் கான்ஸ்டபிள் பூஷே.

"தாராளமா வர்றேன். மன்னிச்சுக்குங்க," என்றார் எல்மர் ஃப்ரீசன்.

போனை வைத்த பிறகுதான், எதற்கு மன்னிப்புக் கேட்டோம் என்று அவர் யோசித்தார்.

"யாரு போன்ல?" என்றாள் மனைவி ட்ரூடி.

"போலீஸ். லோர்ன் புகார் குடுத்துட்டான்."

"நல்லா வேணும். அறுபத்தோரு வயசுல உனக்கு எதுக்குத் தள்ளுமுள்ளு?"

கர்லிங் என்பது பனிக்களத்தில் கனமான கல்லைச் சறுக்கிவிட்டு, வட்டத்தின் நடுப்புள்ளிக்கு யார் கல் பக்கத்தில் நிற்கிறது என்று பார்க்கிற ஆட்டம். பக்கத்துக்கு நாலு பேர். நடுவர் கிடையாது. கல்லுக்கு முன்னால் பனியைத் தேய்க்கிற துடைப்பம் தவறிக் கல்லில் பட்டுவிட்டால், பட்டவரே கையைத் தூக்கி, "பட்டுடுச்சு, என் தப்பு" என்று சொல்லிவிட வேண்டும். வில்லோ ஃபார்க்ஸ் ஊரில் கர்லிங்கில் கைகலப்பு என்பது சர்ச்சில் விசிலடிப்பதைப் போல. அது சனிக்கிழமை நடந்துவிட்டது. கடைசிக் கல்லை அளப்பதில் தகராறு. எல்மர் எதிரணி லோர்னின் நெஞ்சில் கை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார். அடுத்த நிமிஷம் களத்தில் ஒருவர்கூட நின்றுகொண்டிருக்கவில்லை. வழுக்குகிற பனியில் ஒருவர் விழுந்தால் அப்படித்தான், மற்றவரையும் இடித்துத் தள்ளிக்கொண்டுதான் விழுவார்.

எல்மருக்கு ஜெயிலைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ஏப்ரலில் எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் ஃபார்கோவில் மகள் கெண்ட்ராவுக்குக் கல்யாணம். போலீஸ் பதிவு இருப்பவனை அமெரிக்க எல்லையில் வண்டியோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். மகளின் கையைப் பிடித்துக் கல்யாண மேடைக்கு அழைத்துப்போக வேண்டிய அப்பா, எல்லைச் சாவடியில் நின்று கையாட்ட வேண்டியதுதான்.

அன்று மத்தியானமே ஊரின் ஒரே வக்கீலான சிக்ரிட் ஒலாஃப்சன் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"அவருக்குக் காயம் ஏதாவது?" என்றாள் சிக்ரிட்.

"ஒண்ணுமில்ல. குண்டிதான் நனைஞ்சுது."

"காயமே வேண்டாம். சம்மதமில்லாம வேணும்னே ஒருத்தரத் தொட்டாலே அடிதடிக் கேஸ்தான். ரொம்ப மிஞ்சிப்போனா அஞ்சு வருஷம். முதல் தடவைன்னா அபராதமோ நன்னடத்தையோ போட்டு விட்டுருவாங்க."

"தப்பிக்க வழியே இல்லியா?"

"தற்காப்புன்னு சொல்லலாம். அவர் உங்கள அடிக்க வந்தாரா?"

"இல்ல, அளக்க வந்தான்."

"கைதவறிப் பட்டுதுன்னு சொல்லலாமா?"

"அது எப்படி? நல்லாக் குறிபார்த்துத் தள்ளினேன்."

சிக்ரிட் பேனாவைக் கீழே வைத்தாள். "விளையாட்டுல இதெல்லாம் சகஜம், ரெண்டு பேருக்கும் சம்மதம்னு சொல்றது ஒண்ணு இருக்கு. அடிச்சுக்கிற ஐஸ் ஹாக்கியா இருந்தா சமாளிச்சிருப்பேன். கர்லிங்ல யாரு யாரத் தொடுறா? அதனால நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். வாயத் தெறக்காதீங்க. லோர்ன்கிட்டப் பேசாதீங்க. முக்கியமா, மன்னிப்புக் கேட்டுடாதீங்க."

எல்மர் கூரையைப் பார்த்தார்.

"கேட்டுட்டீங்களா?"

"காலையில ஒரு கார்டு எழுதி அவன் வீட்டுப் பெட்டியில போட்டேன். 'தள்ளினது தப்புதான்'னு. வாத்துப் படம் போட்டது."

"கையெழுத்து?"

"ரெண்டு எடத்துல."

அங்கிருந்து நேராக லோர்ன் வீட்டுக்குப் போனார் எல்மர். தபால் பெட்டிக்குள் கையை விட்டு, அகப்பட்டதை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டார். மேஜையில் கொட்டிப் பார்த்தால் லோர்னின் மின்சார பில்லும் ஒரு விதைக் கம்பெனிப் புத்தகமும் இருந்தன. வாத்துக் கார்டைக் காணோம்.

"அடுத்தவங்க தபாலத் திருடினா பத்து வருஷம் வரைக்கும் போகும்," என்றாள் சிக்ரிட் போனில். அவள் குரலில் கோபம் இல்லை. மறதிக்காரப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரிப் பேசினாள். "திருப்பிக் குடுத்துடுங்க. பேசாம வெச்சுட்டு வந்துடுங்க."

வெறுங்கையோடு எப்படிப் போவது? ட்ரூடி அப்போதுதான் பேரீச்சம்பழக் கேக் சுட்டு ஆற வைத்திருந்தாள். எல்மர் தட்டோடு எடுத்துக்கொண்டு போனார். கதவைத் திறந்தவள் லோர்னின் மனைவி மேக்சீன்.

"உங்க தபால் தெரியாம எங்க வீட்டுக்கு வந்துடுச்சு," என்றார் எல்மர்.

"நீ பெட்டியில கைய விட்டு எடுத்தத ஜன்னல்ல பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"மன்னிச்சுக்க. கேக் சாப்பிடு. லோர்ன் இருக்கானா?"

"உள்ள ரூம்ல இருக்காரு. உன்கிட்டப் பேசக் கூடாதாம். வக்கீல் சொல்லியிருக்காராம்."

லோர்ன் பக்கத்து நகரமான பிராண்டனில் போய் வக்கீல் பிடித்திருக்கிறான்! இருபத்தெட்டு வருஷம் எதிரெதிர் அணியில் ஆடி, ஜெயித்தவன் தோற்றவனுக்கு பீர் வாங்கிக் கொடுத்து வளர்ந்த சிநேகிதம். அதை நினைத்ததும் எல்லைச் சாவடிகூட ஒரு கணம் மறந்துபோனது.

"சாட்சிக்குக் கேக்கா?" என்றாள் சிக்ரிட் அன்று மாலை. "கைக்கூலி குடுத்து வாய அடைக்கப் பார்த்ததா அரசு வக்கீல் எழுதுவாரு."

"அப்போ கேக்கத் திருப்பி வாங்கிட்டு வந்துடவா?"

"வேண்டாம்!" என்று அவள் கத்துவதற்குள் எல்மர் போனை வைத்துவிட்டார்.

மேக்சீன் அதற்குள் பாதியைத் தின்றிருந்தாள். மீதியைத் தட்டோடு வாங்கிக்கொண்ட எல்மர், எதற்கும் இருக்கட்டும் என்று, "நான் கேக் குடுத்தத போலீஸ்ல சொல்லிடாத மேக்சீன், உனக்குப் புண்ணியமாப் போகும்," என்றும் சொல்லிவைத்தார்.

"அது நீதிக்கு இடைஞ்சல் பண்றது," என்றாள் சிக்ரிட் மறுபடி போனில். "அதுக்கும் பத்து வருஷம். எல்மர், நீங்க ஒரு தள்ளோட வந்தீங்க. இப்போ உங்க கணக்கு கூட்டினா என் வயசுக்கு மேல போகுது. வியாழக்கிழமை வரைக்கும் வீட்ட விட்டு வெளிய வராதீங்க. சமையலறைப் பக்கமும் போகாதீங்க."

புதன்கிழமை முழுதும் எல்மர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் அணியைச் சேர்ந்த மூன்று பேரில் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. போன் போட்டாலும் எடுக்கவில்லை. சாட்சி சொல்லப் போகிறவர்கள் எப்படி எடுப்பார்கள்?

"கெண்ட்ராகிட்ட என்ன சொல்றது?" என்றாள் ட்ரூடி.

"சித்தப்பாவ அழைச்சுட்டுப் போகச் சொல்லு," என்றார் எல்மர். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. ட்ரூடி மீதிக் கேக்கில் ஒரு துண்டு வெட்டி அவர் கையில் வைத்தாள். தின்றதும் கொஞ்சம் தேவலையாக இருந்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கான்ஸ்டபிள் பூஷே இல்லை. நெடுஞ்சாலையில் மான் மோதிய கேஸுக்குப் போயிருந்தார். முகப்பு மேஜையில் எழுத்தர் டாரலீன் மட்டும் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள்.

"உட்காருங்க எல்மர். காபி?"

"என் கட்சிக்காரர் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல," என்றாள் கூட வந்திருந்த சிக்ரிட்.

"காபிகூட வேண்டாமா?"

"வேண்டாம்."

எல்மர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவர்க்கடிகாரம் ஒரு நிமிஷம் நகர்ந்தது. டாரலீன் ஒன்றுமே கேட்கவில்லை. நாற்பது வருஷம் கர்லிங் ஆடியவனை இப்படிச் சும்மா விட்டுவைப்பதுதான் பெரிய சித்திரவதை. இரண்டாவது நிமிஷத்தில் அவர் கை தானாகத் தூக்கிக்கொண்டது.

"பட்டுடுச்சு, என் தப்பு!" என்றார் எல்மர்.

"எல்மர்!" என்றாள் சிக்ரிட்.

"நான்தான் லோர்னத் தள்ளினேன். வேணும்னேதான் தள்ளினேன். அவன் தபால எடுத்தேன். அவன் பொண்டாட்டிக்குக் கேக் குடுத்தேன், திருப்பியும் வாங்கினேன். அதுல ஒரு துண்டு நானும் தின்னேன்."

சிக்ரிட் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

டாரலீன் ஊசியை வைத்துவிட்டு ஒரு தாளை எடுத்தாள். "கேக்கையெல்லாம் எழுத எடமில்ல. தள்ளினத மட்டும் எழுதிக்கிறேன்," என்று நிதானமாக எழுதி, கையெழுத்து வாங்கி, இழுப்பறையிலிருந்த காகிதக் கட்டோடு சேர்த்துக் கிளிப் போட்டாள்.

எல்மருக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. ஆனால் ஏப்ரல் நினைவுக்கு வந்ததும் மறுபடி ஏறிக்கொண்டது.

"டாரலீன், உண்மையச் சொல்லு. லோர்ன் குடுத்த புகார்ல நான் தப்பிப்பேனா? ஃபார்கோவுக்குப் போக விடுவாங்களா?"

"லோர்ன் எங்க புகார் குடுத்தாரு? ஊருக்குப் புதுசா வந்த ஒரு அம்மா கண்ணாடி வழியாப் பார்த்துட்டு போன் பண்ணிச்சு, யாருக்கு அடிபட்டுதுன்னு கேக்கத்தான் பூஷே எல்லாரையும் வரச் சொன்னாரு," என்று டாரலீன் மறுபடி ஊசியை எடுத்தாள். "உங்களோட சேத்து, லோர்ன் உள்பட, களத்துல இருந்த எட்டுப் பேரும் 'நான்தான் அடிச்சேன்'னு எழுதிக் குடுத்தாச்சு, அடி வாங்கினேன்னு சொல்றதுக்குத்தான் ஒரு ஆள்கூட கெடைக்கல."