அரோமாதெரபி வகுப்பில் என் கணவர் இறந்த கதை

கணவர் வெளிமாநிலத்தில் வேலை பார்க்கும் பெண்கள் எதை வேண்டுமானாலும் படிக்கலாம். தையல், கேக், கம்ப்யூட்டர், ஏன், கராத்தேகூடப் படிக்கலாம். வாசனை சம்பந்தப்பட்ட படிப்பின் பக்கம் மட்டும் போகவே கூடாது. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. நான் போனேன்.

என் கணவர் செல்வராசு ரிக் வண்டியில் டிரில்லர். ஆழ்குழாய்க் கிணறு போடுகிற வேலை. திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆண்கள் பலரைப் போல அவரும் சத்தீஸ்கரில் இருப்பார். அங்கே மழை பிடித்து வண்டி ஓடாதபோதுதான் வீட்டுக்கு வருவார். சத்தீஸ்கரில் கனமழை என்று டிவியில் சொன்னால், நான் இங்கே தலை வாரிப் பூ வைத்துக்கொள்வேன்.

மற்ற மாதங்களில் வீட்டில் நானும் மாமியாரும்தான். வீட்டுக்கு இரண்டு பக்கமும் கோழிப்பண்ணை. (எங்கள் தெருவில் காற்று வாங்க யாரும் வாசலுக்கு வருவதில்லை.) ஒருநாள் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். வாசனை எண்ணெய்களை வைத்து மனதை லேசாக்கும் அரோமாதெரபி பற்றியது. அதில் ஒரு பெண் லாவண்டர் எண்ணெயை முகர்ந்துவிட்டு, தன் வீட்டை விட்டு எவருமே எங்கும் போனதில்லை என்பதுபோலச் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது.

எந்தப் பயிற்சியில் சேர்வது என்பதில்தான் குழப்பம். ஆன்லைன் வகுப்பு ஒன்று இருந்தது. "போனு மணக்குமா சாமி?" என்று மாமியார் அதை ஒரே கேள்வியில் முடித்துவைத்தார். காலையில் கற்றுக் கொடுத்துச் சாயங்காலமே சர்டிபிகேட் தரும் வகுப்பு ஒன்றும் இருந்தது. "தோசை வார்க்கறதுக்கே உனக்கு ஒரு வருசமாச்சு" என்று அதையும் முடித்தார். மிச்சம் இருந்தது சேலம் சூரமங்கலத்தில் ஒரு மாடியில் நடக்கும் ஆறு மாதப் படிப்பு. சேர்வதற்கு முன் இலவச அறிமுக வகுப்புக்கு வந்து பார்க்கலாம் என்றார்கள். மாமியாரும் கூடவே கிளம்பினார். விளம்பரத்தில் 'மசாஜ்' என்றொரு வார்த்தை இருந்ததுதான் காரணம்.

டீச்சர் எல்லோரையும் போனை அணைக்கச் சொன்னார். "கண்ண மூடிக்கோங்க. வாசனை உங்கள எங்க கூட்டிட்டுப் போகுதோ, அங்க போங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டு, எண்ணெயில் நனைத்த காகிதத் துண்டுகளை நீட்டினார். லாவண்டர் என்னைப் பாத்ரூம் கழுவும் லோஷன் வரை கூட்டிக்கொண்டு போய்த் திருப்பி விட்டது. எலுமிச்சைப்புல் கொசுவத்தி வரை போனது. மூன்றாவது துண்டு வந்தது. வெட்டிவேர்.

மூச்சை இழுத்தேன். ஈர மண். பாறையைத் துளைத்து முதல் தண்ணீர் பீறிடும்போது மேலே அடிக்குமே, அந்தச் சேறு. ஊருக்கு வந்ததும் அவர் பையைத் திறந்தால் எத்தனை முறை துவைத்த சட்டையிலும் இந்த வாசம்தான் இருக்கும். லேசாகக் கண் கலங்கியிருந்தால் நாகரிகமாக இருந்திருக்கும். நான் பஸ் ஹாரன் மாதிரி அழுதேன். மாமியார் பதறிப்போய் என் கையிலிருந்த துண்டைப் பிடுங்கி முகர்ந்தார்.

"அய்யோ, இது என்ற பையன் சட்டைங்க!"

இப்போது இரண்டு ஹாரன்கள்.

பக்கத்து நாற்காலிப் பெண் என் தோளைத் தடவினார். "எப்பங்க போனாரு?"

"தீவாளி முடிஞ்சதும் போனாருங்க."

"எப்படிங்க?"

"ரிக் வண்டியிலங்க."

"அடக் கடவுளே! எந்த வண்டிங்க? எங்க கொழுந்தனாரும் ரிக்குலதான் இருக்கறாரு."

வண்டி முதலாளி பெயரைச் சொன்னேன். அந்தப் பெண் கண்ணைத் துடைத்தபடி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். டீச்சர் தழுதழுத்த குரலில், "அவரோட ஆத்மா சாந்தியடைய எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து நிப்போம்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஐயோ, அவரு உயிரோடதான் இருக்கறாருங்க!"

எழுந்தவர்கள் பாதியில் நின்றார்கள். "அப்ப எதுக்கு மேடம் இப்படி அழுதீங்க?" என்று டீச்சர் கேட்டார். உயிரோடு இருக்கிறவருக்காகவும் இப்படி அழலாம் என்பது அந்த அறையில் எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

கூச்சத்தில் ஓடிவந்து பஸ் ஏறினோம். வெளியே போன பெண்ணையும் மறந்தேன், அணைத்த போனையும் மறந்தேன்.

ஊரில் இறங்கினால் வீட்டு முன்னால் சாமியானா. வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி. பெரிய மாமனார் ஆளுயர ரோஜா மாலையோடு நிற்கிறார். மாமியார் நடுத்தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். சூரமங்கலத்தில் நாங்கள் கிளப்பிவிட்ட செய்திதான் எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். போனை உயிர்ப்பித்தேன். உடனே அடித்தது. அவர் பெயர்.

"ஏனுங்க..."

"நான்தான்! உயிரோடதான் இருக்கறேன்! வண்டிய நிறுத்திட்டு இப்பத்தான் போனப் பாக்கறேன். என்னைய எப்பக் கொண்டாராங்கன்னு எங்கிட்டயே கேக்கறானுங்க!"

நான் கதறினேன். அதைப் பார்த்த கூட்டம் செய்தி உறுதியாகிவிட்டது என்று ஒப்பாரியைத் தொடங்கியது. மாமியார் போனைப் பிடுங்கி, "டேய் சாமி, சாப்பிட்டியா?" என்றார். ஒப்பாரி நின்றது.

செத்துப் பிழைத்தவனை வைத்து வேலை செய்தால் வண்டிக்கு ஆகாது என்று முதலாளியே லீவு கொடுத்து அனுப்பினார். மழையே இல்லாமல் என் கணவர் வீட்டுக்கு வந்த ஒரே தடவை அதுதான். பெரிய மாமனார், வாங்கின மாலை வீணாகக் கூடாது என்று வாசலிலேயே அவர் கழுத்தில் போட்டார். வாடிய மாலைதான். மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

நான் அந்த ஆறு மாதப் படிப்பிலேயே சேர்ந்து முடித்தேன். வெட்டிவேர்ப் பாடத்தன்று மட்டும் டீச்சர் எனக்கு லீவு கொடுத்துவிட்டார்.

லீவு முடிந்து அவர் திரும்பிப் போனார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் யாரும் போனில் ஹலோ சொல்வதில்லை. "நான்தான், உயிரோடதான் இருக்கறேன்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவரும் தினமும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

"சரிங்க. எப்ப வாரீங்க?" என்பேன்.

"கேக்கல... வண்டிச் சத்தம்" என்பார்.

எனக்கு ஒரு சத்தமும் கேட்காது.