'மாட்டோம்' அண்ணாச்சி

ஒயிட்போர்டு மார்க்கரின் மூடியைக் கழற்றினால் மூக்கில் ஏறுமே ஒரு காரவாசனை, அது போதும். எந்த ஊர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாலும் எனக்குத் தென்காசியில் சாரல் விழத் தொடங்கிவிடும். சாரலுக்கு நடுவே 'மாட்டோம்' அண்ணாச்சி நிற்பார். இல்லை என்று சொல்லியே ஊரைச் சம்பாதித்த மனிதர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

குற்றாலத்து லாட்ஜுகளுக்கு அறை பதிவு செய்யும் செயலியை எழுதிய சின்னக் கம்பெனி எங்களுடையது. அதில் இனி என்னென்ன வசதி வரும் என்று ரோட்மேப் போடுவது அண்ணாச்சியின் வேலை. மற்ற இடங்களில் அதைக் கம்ப்யூட்டருக்குள் பூட்டி வைப்பார்கள். இவர் போர்டில் எழுதி, தெருவைப் பார்க்க வாசலில் சாத்திவைத்தார். 'இப்போ', 'அடுத்து', 'மாட்டோம்' என்று மூன்று கட்டம். மூன்றாவதுதான் முக்கால் போர்டு. 'மச்சினனுக்கு மட்டும் தனி ரேட்: மாட்டோம்.' டீ குடிக்க வந்தவர்களெல்லாம் நின்று வாசித்து அபிப்பிராயம் சொன்னார்கள்.

ஒருநாள் லாட்ஜ்காரர் சங்கரபாண்டி போர்டை முறைத்தபடி நின்றார்.

"என்னவே, ஒரே ரூம ரெண்டு பேருக்குக் குடுக்காமத் தடுக்கத 'அடுத்து'ல போட்டிருக்கீரு. எப்பம் வரும்?"

"சீசன் முடியட்டும்."

"சீசன் முடிஞ்சா என் லாட்ஜில குரங்குதான் தங்கும். அதுக்கு எதுக்குவே புக்கிங்?"

அண்ணாச்சி துணியை எடுத்தார். அழித்தார், எழுதினார். அது 'இப்போ'வுக்கு வந்துவிட்டது. "இதுக்குத்தாம்லே வாசல்ல வைக்கேன்" என்றார் என்னிடம்.

சென்னையிலிருந்து ஒருவர் முதலீடு போட வருகிறார் என்றதும் எங்கள் முதலாளிக்குக் காய்ச்சல் கண்டது. பளபளவென்று புது ரோட்மேப் அச்சடித்து, போர்டை மறைத்து மாட்டினார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தேதி. 'மாட்டோம்' என்ற கட்டமே இல்லை.

"தேதியெல்லாம் யாரக் கேட்டுப் போட்டீங்க?"

"குத்துமதிப்புதான் அண்ணாச்சி. வாரவர் பாக்கதுக்கு."

வந்தவர் உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தபோது, வெளியே சங்கரபாண்டி அந்தப் புது ரோட்மேப்பைப் படம் பிடித்து லாட்ஜ்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்: 'சீசனுக்கு முன்னாடி எல்லாம் ரெடி. இனி ரூம் புக்கிங் எழுதுத நோட்டு வேண்டாம்.'

அதே குழுவுக்குப் பேசி அனுப்ப அண்ணாச்சி போனை வாயருகே பிடித்தார். அவர் பேசினால் குற்றாலத்துக்குப் போன் தேவையில்லை.

"லாட்ஜ்காரங்க எல்லாருக்கும் சொல்லுதேன். அந்தத் தேதியெல்லாம் சும்மா போட்டது. அத நம்பி நோட்டத் தூக்கிப் போட்டுராதீங்க. குடும்பத்தோட வந்தவன் பெட்டியும் கையுமா ரோட்டுல நிப்பான்."

உள்ளே காபி டம்ளர் மேஜைக்கு இறங்கிய சத்தம் எங்களுக்குக் கேட்டது. சாயங்காலத்துக்குள் கம்பெனிக்கு முதலீடும் இல்லை, அண்ணாச்சிக்கு வேலையும் இல்லை.

அண்ணாச்சியை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். ஜன்னலோரம் அமர்ந்தவரிடம் மனசு கேட்காமல் சொன்னேன்: "வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா வேலை இருந்திருக்கும்லா அண்ணாச்சி."

"இருந்திருக்கும்லே. நாளைக்கு மெயினருவியில துண்டக் கட்டிக்கிட்டு நிக்கும்போது, சங்கரபாண்டி பக்கத்துல வந்து நின்னு, 'சொன்ன தேதி போயிட்டே, எங்கவே'ன்னு கேட்டா, அந்தத் துண்டோட நான் எங்கன ஓட?"

பஸ் நகர்ந்தது. தலையை வெளியே நீட்டினார்.

"மத்தியானம் நீயும் சாப்பிடலைலா. போயிச் சாப்பிடு."