மேலே ஒரு ஸ்டீரிங், கீழே ஒரு ஸ்டீரிங்

என் கணவர் நஞ்சுண்டனுக்கு நீச்சல் தெரியாது. அதனால்தான் போட் வாங்க முடிவு செய்தார்.

"நீச்சல் தெரிஞ்சவனுக்கு போட் எதுக்கு?" என்றார்.

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஆற்றோரம் ஒரு போட் யார்டு. அங்கே காலம் காலமாக வாடகைக்கு ஓடிய ஒரு பழைய மரப் படகு. ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பது, பிடித்தால் வாங்கிவிடுவது. பிடித்துவிட்டால் வாராவாரம் எங்கள் மூன்று வயது ரோஷினியும் தண்ணீர்மேல்.

யார்டுக்கார அம்மா பொறுமையாக விளக்கினார். வாடகைக்கு எடுப்பவனுக்கு ஓட்டத் தெரியாது என்று நினைத்தே கட்டின படகாம். இடித்தால் தாங்கச் சுற்றிலும் தடித்த ரப்பர். எவ்வளவு முடுக்கினாலும் மனுஷன் நடக்கிற வேகம். வெயிலுக்கு மேல்தளத்தில் ஒரு ஸ்டீரிங், மழைக்குக் கீழே அறைக்குள் ஒன்று. கீழே உள்ள பித்தளை லீவரைத் தள்ளினால் மேலே இருப்பது சும்மா சுற்றும்.

நான் கேட்டுக்கொண்டேன். அவர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் யூடியூப்ல பார்த்துட்டேன், விடு."

அவர் மேலே ஏறினார். நான் குழந்தையோடு கீழே. ஆறு அகலமாகி, ஆரஞ்சு மிதவைகள் தெரிந்தன. பக்கத்தில் ஒரு போர்டு. தூரத்தில் தண்ணீர் விழுகிற இரைச்சல்.

"ஏனுங்க, முன்னாடி டேம்னு போட்டிருக்குதுங்க. திருப்புங்க."

"அதெல்லாம் சின்ன போட்டுக்கு. கிட்டப் போய் ஒரு வீடியோ எடுத்துக்கறேன்."

"குழந்தை இருக்குதுங்க."

"கேப்டன் நானா, நீயா?"

"நீங்கதானுங்க."

சொல்லிக்கொண்டே லீவரைத் தள்ளினேன்.

கான்வென்ட் பழக்கம், வாய் தானாக "மாதாவே, மாதாவே" என்றது. ஸ்டீரிங்கை இடப்பக்கம் சுற்றினேன். படகு அசையவில்லை. இரைச்சல் பெருத்தது. இன்னும் சுற்றினேன். ஒரு மிதவை ஜன்னலுக்கு அடியில் உரசிக்கொண்டு போனது.

"மம்மி, ஆர் வீ சிங்கிங்?"

"இல்லடா கண்ணு, மூழ்கல. திரும்பறோம்."

அப்புறம்தான் படகின் மூக்கு, வேண்டா வெறுப்பாக, வந்த வழியைப் பார்த்துத் திரும்பியது.

மேலே காலடி தடதடத்தது.

"என்னங்க, திருப்பிட்டீங்களா?"

"ஆ... ஆமா. போதும்னு திருப்பிட்டேன்."

"நல்லாத் திருப்பினீங்க."

யார்டு வரை நானே ஓட்டினேன். கரையில் இடித்ததை ரப்பர் தாங்கிக்கொண்டது. அவர் கீழே இறங்கியபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஆற்றுத் தண்ணீர் இல்லை, வியர்வை.

"போட் வேண்டாம்."

"ஏனுங்க? அத்தனை நல்லா ஓட்டுனீங்களே."

குரலைத் தாழ்த்தினார். "நீ பயந்துக்குவேன்னு சொல்லல. டேம் கிட்ட ஸ்டீரிங் போயிருச்சு. நான் வலப்பக்கம் சுத்தறேன், அது இடப்பக்கம் போகுது. பழனி முருகா, புள்ளையைக் கரை சேர்த்துடு, வந்து மொட்டை போடறேன்னு வேண்டிக்கிட்டேன். அப்படியே திரும்பிருச்சு. கரை வரைக்கும் அவன்தான் ஓட்டினான்."

இரண்டு வருடமாக மருந்து தடவி வளர்த்த முன்நெற்றி முடியை ஒரு தடவை தடவிக்கொண்டார்.

உண்மை என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"சாமி கடனைத் தள்ளிப் போடக் கூடாதுங்க. டிசம்பருக்கே ஊருக்கு டிக்கெட் போட்ருங்க, மூணு பேருக்கும்."